அப்பாவுக்குக் கிடைத்த ஒன்பதாவது இடம்

கனடாவிலிருந்து வந்த மாமா தன் பெரிய பையைத் திறந்தபோது, சொக்கிளேற்றுக்காக நானும் தம்பியும் பக்கத்திலேயே குந்தியிருந்தோம். உள்ளே இருந்தவை ஒரு தடித்த மட்டையும் தோல் கையுறைகளும் பந்துகளும். மாமா அம்மாவின் தம்பி. ரொறன்ரோவில் பிள்ளைகளுக்குப் பேஸ்போல் பழக்குகிறவர். உலகத்துத் துன்பங்களில் பாதி, மனிதர்கள் இந்த விளையாட்டை அறியாததால் வருகிறது என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

அந்தக் கோடையில் எங்கள் வீட்டிலும் ஒரு துன்பம் இருந்தது. அப்பா பல வருடங்களாக வேலை செய்த பேக்கரியை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் கோயிலுக்கு வருவதில்லை, கடைக்குப் போவதில்லை. சோபாவில் படுத்தபடி, சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தொலைக்காட்சி பார்ப்பார். அம்மா முதியோர் இல்லத்து வேலை முடிந்து வந்து, அவரைப் பார்த்தும் பாராததுபோலச் சமைக்கப் போவார். பதினொரு வயதில் எனக்கு இது பெரிதாகப் படவில்லை. அப்பாவுக்கு நீண்ட விடுமுறை கிடைத்திருக்கிறது என்று கொஞ்சம் பொறாமைகூடப் பட்டேன்.

அம்மருட் என்ற புறநகரில் எங்கள் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் மாமா எங்களைப் பழக்கினார். எனக்குப் பந்தெறிய நன்றாக வந்தது. மட்டையைத் தந்தால் காற்றைத்தான் அடித்தேன். இதைக் கேள்விப்பட்ட, நகரின் இன்னொரு பகுதியான வெஸ்ட்லியின் தமிழர்கள், ஞாயிற்றுக்கிழமை குடும்பங்களோடு ஒரு போட்டி வைப்போம் என்றார்கள். கனடாக்காரர் மட்டும் இறங்கக்கூடாது என்பது நிபந்தனை. ஓர் அணிக்கு ஒன்பது பேர் வேண்டும். யூலை மாதம், பாதிப்பேர் ஊரில் இல்லை. அம்மாவையும் பக்கத்து வீட்டுச் சென்னைக் குடும்பத்தையும் சேர்த்து எண்ணினாலும் எட்டுப்பேர்தான்.

மாமா சோபாவின் நுனியில் போய் உட்கார்ந்தார். “அத்தான், நீங்கள் வராட்டி ஆட்டமே இல்லை.”

“என்னை விடு தம்பி. சனத்தைப் பாக்க எனக்கு ஏலாது.”

“ஒருத்தரோடையும் கதைக்க வேண்டாம். வந்து நிண்டு அடிச்சாக் காணும்.”

அப்பா தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் ஞாயிறு காலையில் எழுந்து சப்பாத்தைத் தேடினார்.

அடிக்கும் வரிசையைத் தீர்மானிக்கும் மாநாடு எங்கள் குசினியில் நடந்தது. “பவுலர் கடைசிலதானே இறங்கணும் பிரதர்? உலகம் பூரா அப்படித்தான்,” என்றார் சென்னை அங்கிள். கிரிக்கெட்டில் கடைசி ஆளோடு கதை முடிந்துவிடும் என்று மாமா விளக்கினார். இங்கே வரிசை ஒரு வட்டம். ஒன்பதாமவர் அடித்து முடிந்ததும் திரும்பவும் முதலாமவர் வருவார். ஆகவே ஒன்பதாவது கடைசி இடமல்ல, முதலாமவருக்குப் பாதை போட்டுக் கொடுக்கிற இடம். அங்கே அடிக்கத் தெரியாத பந்தெறிகாரியை விட்டால் சங்கிலி அறுந்துவிடும். நான் எட்டாவது, அப்பா ஒன்பதாவது.

எனக்குக் கோபம் வந்தது. “ஒருநாளும் பழகாத ஆளை ஏன் எனக்குப் பின்னாலை போடுறியள்?”

“உனக்குப் பின்னாலைதான் பிள்ளை அவர் வரவேணும்,” என்றார் மாமா. எழுதிய வரிசையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

கடைசிச் சுற்றில் ஓர் ஓட்டம் எடுத்தால் சமன் என்ற நிலை. எங்களில் இருவர் ஏற்கனவே ஆட்டமிழந்திருந்தார்கள். இன்னொருவர் இழந்தால் எல்லாம் முடிந்துவிடும். நான் மட்டையை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். நல்ல காலம், எறிந்த வெஸ்ட்லிப் பெடியன் என்னைவிடப் பயந்திருந்தான். அவன் எறிந்த நான்கு பந்துகளும் மட்டைக்கு எட்டாமல் போக, விதிப்படி அடிக்காமலே முதலாம் தளத்துக்கு நடந்தேன்.

அடுத்தது அப்பா. முதல் வீச்சில் பந்து படவில்லை. இரண்டாவதிலும் படவில்லை. அப்பா மட்டையைத் தாழ்த்தி, தூரத்தில் நின்ற என்னைப் பார்த்தார். பிறகு காலை மாற்றி வைத்துக்கொண்டார். மூன்றாவது பந்து மட்டையில் பட்ட சத்தம் அடுக்குமாடியின் சுவரில் மோதித் திரும்பியது. பந்து பற்றைக்குள் போய் மறைந்தது.

நான் ஓடினேன். இரண்டாம் தளம், மூன்றாம் தளம், அதையும் தாண்டி, அடிக்கிறவர் நிற்கும் வீட்டுத் தளம். அங்கே வந்து காலை வைத்து நிமிர்ந்தால், எனக்குப் பக்கத்தில் அப்பா நிற்கிறார். மட்டை கையிலேயே இருக்கிறது. ஓர் அடிகூட அவர் நகரவில்லை.

“எப்பிடி ஓடுறாய் நீ!” என்று சிரித்தார்.

“லோப், அப்பா! லோப்!” என்று கத்தினேன். ஓடுங்கோ என்ற சொல் அந்த அவசரத்தில் தமிழில் வரவில்லை, பள்ளிக்கூடத்து மொழியில்தான் வந்தது. அதற்குள் பற்றையிலிருந்து வந்த பந்து முதலாம் தளத்தை அடைந்துவிட்டது. அடித்தவரே அங்கே போய்ச் சேராததால் என் ஓட்டமும் செல்லாது என்றார்கள். தோற்றுவிட்டோம்.

வெஸ்ட்லிக்காரர்கள் ஓடிவந்து அப்பாவின் முதுகில் தட்டினார்கள். இவ்வளவு தூரம் அடித்துவிட்டு வேடிக்கை பார்த்தவரைத் தாங்கள் கண்டதேயில்லை என்றார்கள். அப்பா எல்லோரோடும் கதைத்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியிலும் சென்னை அங்கிளோடு சத்தமாகச் சிரித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் மாமாவிடம் அவருடைய வரிசை எவ்வளவு முட்டாள்தனமானது என்று வழி முழுக்க விளக்கினேன். அவர் ஒன்றையும் மறுக்காமல் தலையாட்டினார்.

அம்மா எல்லோருக்கும் பின்னால் மெதுவாக வந்தார். திரும்பிப் பார்த்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தோத்ததுக்கோ அம்மா அழுறியள்?”

“ஓம் பிள்ளை. அதுக்குத்தான்.”

தோல்வியின் கனம் தெரிந்த ஒருவராவது எங்கள் குடும்பத்தில் இருக்கிறாரே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.