வேலுத்தாயின் மொட்டைவால் கெண்டைகள்

இந்த மலையில் நான் அறியாத மீன் கிடையாது. சரி, கூட்டித்தான் சொல்கிறேன். குழம்பில் கிடப்பவற்றை நன்றாக அறிவேன். ஆனாலும் கூக்கால் ஊர் வேலுத்தாய் குட்டைக்கரையில் ஒரு கெண்டைக் குஞ்சை ஈரச்சாக்கில் அமுக்கி, பூண்டு வேர் நறுக்கும் கத்தரிக்கோலால் அதன் வாலைக் கத்தரித்தபோது நான் கத்தியேவிட்டேன்.

"என்ன அக்கிரமம் இது, வேலு?"

"அடையாளம் வைக்கிறேங்க அம்மாச்சி. ஆட்டுக்குக் காதுல வெட்டுறோம்ல. இதுக்குக் காது எங்க இருக்கு?"

அதற்குள் அடுத்த குஞ்சுக்குக் கை போய்விட்டது. ஒல்லி உருவம், வெயிலிலும் கழற்றாத கம்பளிக் குல்லா. தன்னுடையது எதையும் குறி வைக்காமல் விடமாட்டாள். மண்வெட்டிப் பிடியில் கீறல், கோழிக் காலில் சிவப்பு நூல். இந்தக் குட்டை மட்டும் அவளுக்கும் கொழுந்தன் சேனாதிபதிக்கும் பொது. இருவரும் அதில்தான் குஞ்சு விடுகிறார்கள்.

"போன வருசம் செத்து மெதந்ததெல்லாம் உன் மீனு, பொழச்சதெல்லாம் என் மீனுன்னுட்டான் கொழுந்தன். இந்த வருசமும் வெறுங்கூடையோட போகச் சொல்றீகளா?"

படித்தவள் நான், சும்மா இருப்பேனா? முன்னங்கையை நெளித்துக் காட்டினேன். மீன் உடம்பை அலைபோல வளைக்கிறது. அந்த அலை வாலுக்கு வந்து தண்ணீரைப் பின்னே தள்ள, மீன் முன்னே போகிறது. பக்கத் துடுப்பெல்லாம் திரும்புவதற்கும் நிற்பதற்கும்தான். "வாலை வெட்டினால் எதைக்கொண்டு தள்ளும்?"

"நுனியத்தான வெட்டுறேன்."

வெட்டித் தண்ணீரில் விட்ட குஞ்சு, மற்றவை ஒரே வீச்சில் கடந்த தூரத்துக்கு உடம்பு முழுவதையும் அடித்துக்கொண்டு திணறியது. எங்கிருந்தோ பாய்ந்த மீன்கொத்தி அதைக் கொத்திக்கொண்டு போயிற்று. அன்றிலிருந்து வேலுத்தாய் காட்டுச் சோலியைப் பாதியில் போட்டுவிட்டு வெள்ளனே வந்து, மீன்கொத்தியை விரட்டக் கரையில் தகரம் தட்டினாள்.

மாதங்கள் கழித்து வலை இழுத்தபோது நானும் இருந்தேன். வலை நிறையக் கெண்டை துள்ளியது. மொட்டைவால் ஒன்றுகூட இல்லை.

"அப்போதே சொன்னேனே. உன் மீனெல்லாம் செத்துவிட்டன" என்று வாயை விட்டேன்.

சேனாதிபதி அதைப் பிடித்துக்கொண்டார். "படிச்சவுகளே சொல்லிட்டாக மதினி. அம்புட்டும் என் மீனுதான்."

வேலுத்தாய் சேற்றில் உட்கார்ந்து ஒவ்வொரு வாலாகத் தடவினாள்.

சேனாதிபதியின் மனைவி ராஜகுமாரி, புருஷனை விலக்கிக்கொண்டு வந்தாள். ஒரு கெண்டையின் வாலை உள்ளங்கையில் விரித்தாள். வால் வரிகள் ஓரிடத்தில் கோணி, அதற்கப்பால் வெளுத்திருந்தன. அதை வேலுத்தாயின் கூடையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணும் சாகலைங்க அம்மாச்சி. வெட்டுன வால் வளந்துருச்சு."