தக்காளிச் செடிகளோடு கொடுக்கல் வாங்கல்

ஒடென்சே நகருக்கு வெளியே ஒரு பசுமைக்குடிலில் தக்காளிக் கொடிகளை நூலில் சுற்றிவிடுவது என் வேலை. வரிசைக்கு ஓர் ஆள். எல்லார் காதிலும் பாட்டு. வணக்கம் சொன்னாலும் விழாது. கதைக்க எனக்குச் செடிகள்தான் மிச்சம்.

தூரத்து ஓல்போர்க் நகரில் உயிரியல் படிக்கும் மகளிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். சிரித்தாள்.

“நல்லாக் கதையுங்கோ அப்பா. நீங்க மூச்சில விடுற காபனீரொட்சைட்டோட தண்ணியைச் சேர்த்து, வெளிச்சத்தில அதுகள் சீனி செய்யுதுகள். நீங்க பழத்தைச் சாப்பிட, உங்கட உடம்பில இருக்கிற சின்னஞ்சிறு கலங்கள் அந்தச் சீனியை உடைச்சுச் சக்தி எடுக்கும். மிச்சம் திரும்பவும் மூச்சா வெளிய வரும்.”

“பிறகு எடுக்கிறன்” என்று வைத்தாள். எடுக்கவில்லை.

அன்று மாலை வெடித்த தக்காளி ஒன்றை உப்புத் தொட்டுச் சாப்பிட்டேன். பெருமூச்சு வந்தது. வீட்டில் அதை வாங்க ஆளில்லை. காலையில் செடிகளிடம்தான் கொண்டுபோக வேண்டும்.