சூடானால் இழுக்காத லாரி

பட்டாளத்தில் லாரி ஓட்டிய எங்கள் சித்தப்பா, சண்டை முடிந்து ஊர் திரும்பியபோது டீசல் வண்டியின் சூட்சுமம் தெரிந்த ஆள் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறு இல்லை. அதனால்தான் ராஜபாளையத்துப் பஞ்சு முதலாளி, கிறிஸ்தவர், வேதக்காரர் என்றும் பாராமல், தன் புது லாரியை அவரிடம் கொடுத்தார். அந்தப் ‘பாராமல்’ வண்டி ஒழுங்காக ஓடும் மட்டுந்தான் என்பது பிறகல்லவா தெரிந்தது.

ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து வண்டிக்கு ஒரு நோய். காலையில் பஞ்சுப் பேல்களை ஏற்றிக்கொண்டு ஜம்மென்று கிளம்பும். ஏழெட்டு மைல் ஓடி இஞ்சின் நன்றாகச் சூடேறியதும் இழுவை குறைந்து, எருமை நடை நடந்து, நின்றேவிடும். கால் மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். சூடுதான் காரணம் என்று எல்லோரும் தீர்மானித்துவிட்டார்கள். சித்தப்பா ரேடியேட்டரைக் கழுவினார். டீசல் பீச்சும் நாசிலைக் கழற்றி மாட்டினார். பூஜையில் கும்பிடாமல் தள்ளி நின்றவன் ஓட்டினால் வண்டி எப்படி இழுக்கும் என்று பஞ்சு அடுக்கும் கிட்டங்கியில் பேச்சு கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு டிரைவர் என்று முதலாளியும் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை, ஓட்டிப் பார்க்கக் கிளம்பியபோது என்னையும் ஏற்றிக்கொண்டார். எனக்கு ஒன்பது வயது. வாய் சும்மா இருக்காது. வழக்கமான இடத்தில் வண்டி திணறியது. டீசல் இருக்கிறதா என்று பார்க்கச் சித்தப்பா டாங்கி மூடியைத் திருகினார். உஸ்ஸென்று டாங்கி காற்றை உள்ளே இழுத்தது. அவர் மூடியைத் திரும்ப மாட்டினார். பிறகு, ஆறவே விடாமல் வண்டியைக் கிளப்பினார். கொதிக்கிற இஞ்சின் அலுங்காமல் இழுத்தது!

மறுபடி நிறுத்தி மூடியைப் புரட்டிப் பார்த்தோம். காற்று போக அதில் ஓர் ஊசித்துளை உண்டு. பூஜையன்று முதலாளியம்மா தன் கையாலேயே அப்பிய சந்தனம் அதற்குள் இறுகிக் காய்ந்திருந்தது. காற்று உள்ளே போகாவிட்டால் டீசல் எப்படி வெளியே வரும்? நிற்கும்போது இண்டு இடுக்கில் காற்று கசிந்து புகுந்ததைத்தான் வண்டி ஆறுகிறது என்று நினைத்திருக்கிறோம். ஒரு கருவேல முள்ளோடு நோய் தீர்ந்தது. நான் சீட்டில் குதித்தேன். சித்தப்பா சிரிக்கவில்லை.

ராஜபாளையம் திரும்பி, முதலாளி வீட்டு முற்றத்தில் கைகட்டி நின்று, பில்டரில் அழுக்கு இருந்தது, எடுத்துவிட்டேன் என்றார். அப்படியானால் இத்தனை நாள் வண்டியைக் கவனிக்காமல் என்ன கிழித்தாய் என்று முதலாளி பிடித்துக்கொண்டார். மூட்டை தூக்குகிறவர்கள் முன்னால் அம்புட்டு வசவு. “தப்புதான் மொதலாளி” என்று சித்தப்பா தலையைக் குனிந்தார். எனக்குத் தாங்கவில்லை.

“அழுக்கெல்லாம் இல்ல. அம்மா அப்புன சந்தனந்தான் ஓட்டைய அடைச்சிருந்துச்சு. சித்தப்பாதான் முள்ளால குத்தி எடுத்தாக.”

மூட்டைக்காரன் ஒருவன் சிரித்தேவிட்டான். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. முதலாளி கோபப்படக்கூட இல்லை.

“எங்க வீட்டுச் சந்தனம் ஒனக்கு அழுக்காப்போச்சு. சாவிய அந்தா அங்க வச்சிட்டுப் போப்பா.”

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏழு மைலும் நடந்தே வந்தோம். நான் சொன்னது சரிதானே என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தேன். “சரிதாம்லே” என்றார் சித்தப்பா, ஒவ்வொரு தடவையும். தெருமுனையில் அவர் கையை விட்டு ஓடி, கோளாறைக் கண்டுபிடித்தாயிற்று, வண்டி இப்போது பிரமாதமாக இழுக்கிறது என்று சித்தியிடம் மூச்சிரைக்கச் சொன்னேன்.

சித்தி என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள்.

“பொறவு ஏம்லே நடந்து வாரிய?”

டாங்கிக்குள் காற்று புகுந்த விதத்தை கரியால் தரையில் வரைந்து காட்ட ஆரம்பித்தேன்.