மாட்டெலும்பு நட்டு

மாமா கச்சேரிகளில் பேஸ் கிட்டார் வாசிப்பார்; பாட்டுக்கு அடியில் தும் தும் என்று இடிக்குமே, அது. பகலில் தென்காசியில் பைப்புக் கடையில் வேலை. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடுதான் அவர் வீடு. எனக்கு அப்போது எட்டு வயது.

கிட்டார் கழுத்தின் உச்சியில் பல் மாதிரி வெள்ளையாக ஒரு துண்டு இருக்கும். நாலு கம்பியும் அதிலுள்ள வெட்டுகளில் உட்கார்ந்துதான் கீழே வரும். நட்டு என்பார்கள். அது விண்டுபோனது. தடித்த கம்பி இறங்கிவிட்டது. தொட்டாலே கிர்ரென்று இரைந்தது. இன்னொரு தடவை இரைந்தால் பேஸைக் கீபோர்டுக்காரரே இடது கையால் பார்த்துக்கொள்வார் என்று குழுத்தலைவர் சொல்லிவிட்டாராம்.

அடுத்த கச்சேரி ஞாயிற்றுக்கிழமை. குற்றாலத்தில், சீசனுக்கு. திருநெல்வேலிக் கடையில் கேட்டால், வரவழைக்க நாளாகும் என்றார்கள். மாமா கடையநல்லூர் போய்க் கறிக்கடையில் ஒரு மாட்டெலும்பு வாங்கி வந்தார். பிளாஸ்டிக்கை விட எலும்பு நல்லது என்று போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் செய்து காட்டினாராம்.

அத்தை வாசலை மறித்து நின்றாள்.

“இது உள்ள வந்துச்சுன்னா நா எங்கம்ம வீட்டுக்குப் போயிருவேன்.”

“போ. ஞாயித்துக்கெழம வந்துரு. கச்சேரி இருக்குல்லா.”

அத்தை போகவில்லை. மாமாவும் உள்ளே போகவில்லை. துவைக்கிற கல்லில் வைத்து அறுத்தார். அரத்தால் தேய்த்தார். முடி தீய்ந்த வாடை அடித்தது. வெட்டுப் போடத் தோதான அரம் இல்லை. பழைய கம்பிகளையே ரம்பம் மாதிரி இழுத்து, அதனதன் தடிமனுக்கு வெட்டுப் போட்டார். முதல் துண்டில் ஆழம் கூடிப்போய் வீணானது. இரண்டாவது சரியாக உட்கார்ந்தது. கம்பியைத் தட்டிக் காட்டினார். இரைச்சல் இல்லை.

“இதுக்கா இம்புட்டு நாத்தம்?” என்றாள் அத்தை.

குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அத்தையும் நானும் முன்வரிசையில் இருந்தோம். தொடங்கும் முன் குழுத்தலைவர் மாமாவிடம் வந்தார்.

“நீங்க சும்மா நில்லுங்க அண்ணாச்சி. மேட நெறஞ்சு இருக்கணும்லா.”

“நட்டு மாத்திட்டேன். வாசிச்சுப் பாக்கட்டுமா?”

“கீபோர்டுக்காரரு பழகிட்டாரு அண்ணாச்சி.”

மாமாவின் வயரை ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து உருவிப் போட்டுவிட்டு, கீபோர்டு வயரைச் செருகினார்.

பாட்டு தொடங்கியது. சும்மா நிற்கச் சொன்ன பிறகும் மாமா எல்லாப் பாட்டையும் வாசித்தார். விரல் ஓடியது. காலால் தாளம் போட்டார். என் நெஞ்சில் தும் தும் என்று இடித்தது. கீபோர்டுக்காரரின் இடது கை அசையும்போதுதான் இடித்தது. மாமாவின் வயர் நுனி தரையில் கிடந்தது.

“அத்தே, மாமா வயரு...”

“பாட்டக் கேளுட்டி.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எலும்பு வைத்ததுதான் தப்போ என்று நினைத்தேன். ஆனால் இரைச்சல் நின்றுவிட்டதே. பிறகு ஏன் உருவினார்கள்?

முடிந்து மாமா இறங்கி வந்தார். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. என்னிடம்தான் கேட்டார்.

“எப்பிடி இருந்துச்சு?”

நான் வாயைத் திறக்குமுன் அத்தை என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

“நல்லாக் கேட்டுச்சு. ஒரு இரைச்சல் இல்ல” என்றாள்.

“சரி” என்றார் மாமா. பிறகு கிட்டாரை உறையில் போட்டார்.

சத்தமே வராததை நல்லாக் கேட்டதாக அத்தை சொல்கிறாள். மாமாவும் சரி என்கிறார். வாங்கிய கிள்ளு மட்டும் எனக்கு. தொடையைத் தடவிக்கொண்டே பஸ் ஏறினேன்.