மீன் சாப்பாட்டுக் கடையில் ஒரு டம்ளர் பால்

கன்றைக் கட்டிப்போட்டுவிட்டுப் பால் கறப்பதைப் பார்த்ததிலிருந்து நான் பால், தயிர், நெய் எதையும் தொடுவதில்லை. ஊரில் சமாளித்தேன். இன்று கொச்சி மட்டாஞ்சேரியில் மாட்டிக்கொண்டேன்.

படகை விட்டு இறங்கியதும் மலிவான சைவ ஓட்டல் ஒன்றில் உட்கார்ந்தேன். பருப்பில் நெய், பச்சடியில் தயிர், கடைசியில் மோர். எல்லாவற்றையும் வேண்டாம் என்றேன்.

பரிமாறிய திருநெல்வேலிக்காரர் கரண்டியோடு நின்றுவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, பத்தியமா?"

"இல்ல, பாலை விட்டுட்டேன்."

"அப்போ எதுத்தாப்ல சேட்டன் கடைக்குப் போங்க. அங்க எல்லாம் தேங்காயெண்ணெதான். மீனை மட்டும் ஒதுக்கிக்கிடுங்க."

சைவத்தில் இன்னும் ஒரு படி ஏறியவன் போய்ச் சேர்ந்த இடம், மீன் சாப்பாட்டுக் கடை!

அவித்த கப்பைக் கிழங்கும் மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் அருமை. ஆனால் மீன்குழம்பை நான் மறுத்ததில் சேட்டனுக்கு மனசு கேட்கவில்லை. ரேடியோவைக் குறைத்துவிட்டு உள்ளே போனவர், ஆவி பறக்க ஒரு டம்ளரோடு வந்தார்.

"மீன் தின்னாத ஆளல்லே? குடிச்சோளு. வீட்டுப் பசுவிண்ட பாலாணு."

"கன்னு குடிச்சுதா, சேட்டா?" என்று கேட்டேன்.

"அது வயிறு நிறையக் குடிச்ச பாக்கி அல்லே இது!" என்று சிரித்தார்.

இப்படி ஒரு பதிலுக்கு நான் தயாராகவே இல்லை. பால் ஆறிக்கொண்டிருக்கிறது. குடிக்கலாமா, கூடாதா? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.