குரலை நம்ப ஏலாது என்று சொன்னேன்

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அது மன்னாரில். பிறகு சண்டைக் காலத்தில் முஸ்லிம்களை ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள், வந்துவிட்டோம். கற்பிட்டிக் கரையில் படிப்பு தொடரவில்லை. மீன் தொடர்ந்தது. இரக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. இப்படிப்பட்டவன் எப்படி ஒரு கடைக்கே புத்தி சொல்ல வந்தான் என்று கேட்பீர்கள். அதற்காகச் சொன்னேன்.

தோள் கெட்ட பிறகு நான் கடலுக்குப் போவதில்லை. கருவாடு போடுகிறேன். காலையில் உட்கார்ந்தால் மீனைக் கிழிப்பதும் குடல் எடுப்பதும்தான். கைக்கு வேலை உண்டு, காதுக்கு இல்லை. மகள்தான் போனில் பொட்காஸ்ட் போட்டுத் தந்தாள். ரேடியோ மாதிரி, ஆனால் பாட்டு கிடையாது. ஒரு ஆணும் ஒரு பெண்ணும் தமிழில் கதைப்பார்கள். பாராளுமன்றத்தில் யார் என்ன சொன்னான், புதிய போனில் என்ன வந்திருக்கிறது, இன்டர்நெட்டில் இந்தக் கிழமை சனம் எதற்குச் சண்டை பிடித்தது, இப்படி. ஒரு மணித்தியாலத்துக்கு மேலே போகும். ஒரு காதில் மாட்டிக்கொள்வேன். மற்றக் காது காகத்துக்கு.

கேட்கக் கேட்கப் பழகிவிட்டது. அந்தப் பெண் சிரித்தால் நானும் சிரிப்பேன்.

"மீனோட என்ன சிரிப்பு?" என்பாள் மனைவி.

மீன் முடிந்தால் போனை நிறுத்திவிடுவேன். கை கழுவ வேண்டும், உப்பில் போட வேண்டும். அவர்கள் கதை பாதியில் நிற்கும். அடுத்த நாள் புதியது வந்திருக்கும், அதைக் கேட்பேன். பழையதன் மிச்சத்தைக் கேட்டதே இல்லை.

கேட்டதையெல்லாம் தேத்தண்ணிக் கடையில் சொல்லத் தொடங்கினேன். அவர்கள் சொன்னார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானே யோசித்துப் பிடித்தது போலச் சொன்னேன். அப்போது அது வெட்கமாகத் தெரியவில்லை.

பிறகு தேர்தல் வந்தது. ஒரு வேட்பாளர் கடல்காரரைத் தூஷணத்தில் ஏசுகிற குரல் ஒன்று போன் போனாகப் போனது. கடையில் சனம் கொதித்தது. இரண்டு பேர் அவருடைய படத்தைக் கிழிக்க எழும்பிவிட்டார்கள்.

"இருங்க. இது அவர்ட குரல் இல்ல, மெஷின் செஞ்ச குரல்" என்றேன். "ஒருத்தன்ட பேச்சுல கொஞ்சம் குடுத்தாப் போதும். மிச்சத்த அதுவே பேசும்."

"நானா, பகிடியா?" என்றான் ஒருவன். மூத்தவர்களை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"பாருங்களேன்."

இரண்டு நாளில் அது பொய்க் குரல் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து கடை முதலாளி எனக்குக் கதிரையைத் துடைத்துப் போட்டார்.

எங்கள் கரையில் ஒருவன் இருக்கிறான். என்னை விடப் பத்து வயது இளையவன். நல்ல கடல்காரன், வாய்தான் கெட்டது. யாரையும் மரியாதையாகக் கூப்பிடமாட்டான். முதலாளியை 'சீனி போடாத முதலாளி' என்பான். என்னைக் 'கருவாட்டு மந்திரி' என்பான்.

"மந்திரி, இண்டைக்கி நாட்டு நெலம எப்பிடி? சொல்லிட்டா நாங்க நிம்மதியா வலையக் கட்டுவம்."

கடை சிரிக்கும். நானும் சிரிப்பேன். உள்ளே கொஞ்சம் குத்தும். அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

அன்றைக்குப் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் கடைக்கு வந்தோம். முதலாளியின் போனுக்கு ஒரு குரல் வந்திருந்தது. தெரியாத நம்பர். முதலாளியின் நம்பர் கடைப் பலகையில் பெரிதாக எழுதியிருக்கும், கரையில் எல்லோருக்கும் மனப்பாடம். அவர் எல்லோரும் கேட்கப் போட்டார். அந்த வாய் கெட்டவனுடைய குரல்.

"அஸ்ஸலாமு அலைக்கும். கடையில இரிக்கிற நானாமார் எல்லாருக்கும் சொல்றன். எஞ்சின் நிண்டுட்டு. போட்டுக்குள்ள தண்ணி ஏறுது. தலவிலக் கோயிலுக்கு நேரா, நல்லா மேக்கால இரிக்கிறம். தயவுசெஞ்சு ஒரு போட் அனுப்புங்க. உங்கட உதவிய மறக்கமாட்டம்."

முதலாளி அந்த நம்பரைத் திரும்ப எடுத்தார். வேலை செய்யவில்லை. அவனுடைய சொந்த நம்பரை எடுத்தார். அதுவும் இல்லை. இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டார்கள், போட்டைத் தள்ளுவதற்கு.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலிலிருந்து கூப்பாடு வந்தால் யார், எவர் என்று கேட்பதில்லை. போட்டைத் தண்ணீரில் இறக்கிவிட்டுத்தான் கேட்பது. மன்னாரிலிருந்து நாங்கள் வந்த தோணியையும் அப்படித்தான் கரை சேர்த்தார்கள். எனக்கு அது தெரியாதது அல்ல.

முதலாளி என்னைப் பார்த்தார். "நானா, நீங்க என்ன சொல்றீங்க?"

என்னைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டதும் நான் கதிரையில் நிமிர்ந்தேன்.

"இன்னொருக்காப் போடுங்க" என்றேன். போட்டார். கேட்டேன்.

"இது அவன் இல்ல" என்றேன். "அவன் எப்ப நம்மள நானாமார் எண்டு சொன்னான்? தயவுசெஞ்சு எண்டு அவன்ட வாயில வந்திரிக்கா? மெஷினுக்குக் குரல் தெரியும், ஆளத் தெரியாது."

ஒருவன் "அது ஓம்தான்" என்றான். இன்னொருவன் "தூஷணம் ஒண்டும் இல்லையே" என்றான். சிலர் சிரித்தார்கள்.

"அப்ப இத ஏன் செய்யிற?" என்று முதலாளி கேட்டார்.

"நாங்க ஓடுறத வீடியோ எடுத்துப் போட. அதப் பாக்க லச்சம் பேர் இரிக்கிறாங்க."

"நேவிக்காரங்களுக்குச் சொல்லுவமா?"

"பொய்யெண்டா நம்மளத்தான் கேப்பாங்க."

செருப்பைக் கழற்றியவர்கள் திரும்பப் போட்டுக்கொண்டார்கள். நான் பிளேன்டீ குடித்தேன். சூடாக இருந்தது. அதுகூட ஞாபகம் இருக்கிறது.

யாரோ வீட்டுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவனுடைய மனைவி வந்தாள். கடை வாசலில் நின்று குரலைக் கேட்டாள். முழுதும் கேட்கவில்லை, ஸலாம் சொன்னதுமே கையை நெஞ்சில் வைத்தாள்.

"அவர்தான்" என்றாள். "காலயில போன் நனஞ்சிட்டு எண்டு சொன்னாரு. இது கூடப் போனவர்ட நம்பரா இரிக்கும். குறிஞ்சிப்பிட்டி ஆள், இண்டைக்கித்தான் முதல்ல வந்தவர்."

அங்கேயே நான் எழும்பியிருக்க வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொன்னதை எப்படித் திரும்ப எடுப்பது?

"தங்கச்சி, இப்ப குரல நம்ப ஏலாது" என்றேன்.

"அப்ப என்னத்த நம்புற நானா?"

அவள் அழவில்லை. முதலாளியிடம் அந்தக் குரலைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள். ஒரு ஓட்டோவை நிறுத்தி ஏறிப் போனாள்.

அதன் பிறகு நடந்தது நான் கேள்விப்பட்டதுதான். அவள் தலவிலப் பக்கம் போயிருக்கிறாள். அங்கே சீசனுக்கு வந்த சிங்களக் கடல்காரர்களின் வாடி இருக்கிறது, கரையோரக் கொட்டில்கள். வலை கட்டிக்கொண்டிருந்தவர்களின் நடுவில் போய்ப் போனைப் போட்டிருக்கிறாள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. இவளுக்குச் சிங்களம் நாலு சொல். கையால் கடலைக் காட்டினாள். ஒரு வயதாளி குரல் முடியும் முன்பே எழும்பி "யமு" என்றாராம். போவோம் என்று அர்த்தம். இரண்டு போட் போனது.

அன்றைக்குக் கொண்டல் காற்று. கரையிலிருந்து வெளியே தள்ளுகிற காற்று. நாங்கள் கடையில் இருந்த நேரமெல்லாம் அது தள்ளிக்கொண்டுதான் இருந்தது. சூரியன் தண்ணீரில் தொடுகிற நேரத்தில் கண்டிருக்கிறார்கள். போட் பாதிக்கு மேல் தாழ்ந்துவிட்டதாம். இரண்டு பேரும் வெறும் எண்ணெய்க் கலன்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்களாம். இன்னும் கொஞ்சம் இருட்டியிருந்தால் யார் போயும் பயனில்லை.

குறிஞ்சிப்பிட்டி ஆள் அதன் பிறகு கடலுக்கு வரவில்லை. வெங்காயத் தோட்டத்தில் நிற்கிறார்.

செய்தி வந்ததும் நான் என் கருவாட்டு வாடிக்குப் போய் உட்கார்ந்தேன். கிழிப்பதற்கு மீன் இல்லை. போனில் அந்தப் பழைய கதையைத் தேடி எடுத்தேன், குரல் செய்கிற மெஷினைப் பற்றியது. நான் நிறுத்திய இடத்திலிருந்து போட்டேன். கடைசிப் பத்து நிமிஷம் இருந்தது. அந்தப் பெண் சிரிக்காமல் சொன்னாள், உயிர் விஷயம் என்று ஒரு குரல் வந்தால் முதலில் போங்கள், பொய்யா மெய்யா என்பதைப் பிறகு பாருங்கள் என்று. நம் கரையில் எழுத்து வாசிக்கத் தெரியாதவனுக்கும் தெரிந்த விஷயம். அதை அவள் கொழும்பிலோ எங்கோ இருந்துகொண்டு எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

மனைவி வந்து பக்கத்தில் நின்றாள். காதிலிருந்ததைக் கழற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள்.

மன்னிப்புக் கேட்க அவனுடைய வீட்டுக்குப் போனேன். அவன் படுத்திருந்தான். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். என்னைப் பார்க்காமல் வைத்தாள். நான் சொன்னேன், பிழை என்னுடையது என்று. "அல்லாஹ் காப்பாத்தினான் நானா" என்றான். அவ்வளவுதான்.

ஒரு கிழமை கழித்துக் கடைக்கு வந்தான். உள்ளே வரும்போதே, "டேய் சீனி போடாத முதலாளி, மவுத்தாப் போய்த் திரும்பினவனுக்கும் சீனி இல்லையா?" என்றான். கடை சிரித்தது. பக்கத்தில் இருந்தவனுடைய தொப்பியைத் தட்டினான். அவனையும் ஏதோ சொன்னான். பழைய ஆள்தான்.

பிறகு என்னைக் கண்டான். தான் இருக்க எடுத்த கதிரையைத் துடைத்து என் பக்கம் தள்ளினான்.

"இருங்க நானா."

"மந்திரி எண்டு கூப்பிட்டாத்தான் இருப்பன்" என்றேன். சிரிக்கப் பார்த்தேன்.

"இல்ல நானா. உங்கள அப்பிடிச் சொல்லக் கூடாது. தயவுசெஞ்சு இருங்க."

இருந்தேன். இன்றைக்கும் என்னோடு மட்டும் அப்படித்தான் கதைக்கிறான். மரியாதையாக, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. கடையில் உள்ளவர்கள் அது என் வயதுக்கு என்று நினைக்கிறார்கள். அந்தக் குரலை எனக்குத் தெரியும். அன்றைக்கு முதலாளியின் போனில் இரண்டாம் தடவையும் போடச் சொல்லிக் கேட்டேன்.