பால் வடிந்த இலை

ஓடீல் பிரீஸ்ப்வா கட்டினோ நகரில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பல்செட் செய்துவருபவர். சேகரிப்பாளர்களுக்கான தங்க நாணயம் ஒன்றில் நாட்டுச் சின்னமான மேப்பிள் இலையைப் புதிதாக வரைய, யார் வேண்டுமானாலும் மாதிரி அனுப்பலாம் என்று அறிவிப்பு வந்தது. ஆயிரக்கணக்கில் கடைவாய்ப்பல் செதுக்கிய கைக்கு ஓர் இலை வராதா என்று அவர் உட்கார்ந்துவிட்டார்.

ஏழு வாரத்தில், இருபது சென்டிமீட்டர் அகலப் பிளாஸ்டர் வட்டில் இலை எழும்பி நின்றது. கடைசி நாள் நவம்பர் ஆறு, வியாழன். முந்தைய ஞாயிறன்று பக்கத்து வீட்டு ரேஜான் லாஃப்ரெனியேர் வந்து பார்த்தார். ஊருக்கு வெளியே மேப்பிள் தோப்பு வைத்து, மரத்தில் துளையிட்டு எடுக்கும் சாற்றைப் பாகாகக் காய்ச்சுகிறவர்.

"அழகாத்தான் இருக்கு. எந்த மரத்து இலை?"

"நம்ம தெருமுனை மரந்தான்."

"ஊர்ல எல்லா மேப்பிளும் மொட்டையா நிக்குது, அது மட்டும் இன்னும் பச்சையா நிக்குதே, உனக்கு சந்தேகமே வரலையா?"

இருவரும் போனார்கள். ரேஜான் ஒரு காம்பை ஒடித்தார். வெள்ளையாகப் பால் வடிந்தது.

"பாத்தியா? நம்ம மரத்துல பால் வராது. இது நார்வேக்காரன், வெளிநாட்டு மேப்பிள், நிழலுக்கு நட்டது. அவனைப் போயி நம்ம தங்கத்துல ஏத்தப் பாத்தியே!"

"இதை ஏழு வாரம் முன்னாடி சொல்றதுக்கு என்ன?"

"நீ யாரோ ஒருத்தருக்குப் பல்லு செதுக்கறேன்னுல்ல நெனச்சேன்!"

ஓடீலுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இதை அனுப்பினால் முதல் பார்வையிலேயே தள்ளிவிடுவார்கள். மீதமிருந்தது நான்கு நாள்.

ரேஜானின் தோப்பில் எல்லா இலைகளும் தரையில் சுருண்டு கிடந்தன. முப்பத்தொன்று பொறுக்கினார். வெந்நீரில் ஊறவைத்து விரித்தபோது, ஒன்றுதான் கிழியாமல் வந்தது. பல் அச்சு எடுக்கும் பசையை அதன் முதுகில் அப்பி, பிளாஸ்டர் ஊற்றினார். பச்சை இலையில் அவர் கவனித்தே இராத சிறு நரம்புகள்கூட அச்சில் விழுந்திருந்தன. அதை எதிரே வைத்துக்கொண்டு புது வட்டைச் செதுக்கினார். வியாழன் காலை பத்தே காலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

பிப்ரவரி பதினேழாம் தேதி கடிதம் வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு மாதிரிகளில் கடைசி ஆறில் அவருடையதும் இருந்தது. நரம்புகளைத் தனியாகப் பாராட்டியிருந்தார்கள். முடிவு மே மாதம்.

"ஜெயிச்சா என் மரத்துக்கு என்ன தருவே?" என்றார் ரேஜான்.

"இந்த வருஷம் அதுல மட்டும் துளை போடாதீங்க. அதான்."

"எந்த மரம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஓடீலுக்குத் தெரியும். தோப்பு வாசலிலிருந்து மூன்றாம் வரிசை, ஒன்பதாவது மரம். ஒவ்வோர் இலையையும் எந்த மரத்தடியில் பொறுக்கினார் என்று அன்றே எழுதி வைத்திருந்தார்.